மெய்க்கு அரை மாத்திரை

உருளைக்கிழங்கு லாரியின் பின்கதவு
ரொசேர் சீரின் முதுகில் விழுந்தது, ஒரு செப்டம்பரில்.
மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனி.
ஆற்றுக்கு அக்கரை கனடா.
அன்று அவன் போட்ட சத்தம்
மூன்று மாத்திரைக்கு நீண்டது.
டாக்டர் எழுதிக் கொடுத்ததும் மூன்றுதான்:
காலை, மதியம், இரவு.

எலும்பு பதினோரு வாரத்தில் கூடிவிட்டது.
சீட்டு ஏழு வருஷம் கூடவே வந்தது.

வலிக்கிறதே என்று விழுங்கியது போய்
விழுங்கவில்லையே என்று வலித்தது.
யாரிடமும் திருடவில்லை.
டப்பாவில் அச்சடித்த பேர் அவனுடையதுதான்.
இருந்தும் மருந்துக்கடை வரிசையில்
தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

ஒரு ராத்திரி எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டித்
தண்ணீரைத் திறந்துவிட்டான்.
வீரம் முப்பது மணி நேரம் தாங்கியது.
பிறகு கொட்டாவி. கொட்டாவிமேல் கொட்டாவி.
மூக்கு, கண், வயிறு,
எல்லாக் குழாயும் ஒரேயடியாகத் திறந்துகொண்டன.
தோல் உரித்த கோழி மாதிரி.
கட்டிலில் கால்கள் மட்டும்
யாரையோ உதைத்துக்கொண்டே இருந்தன.

லினெட் அவனைக் காரில் அள்ளிப் போட்டு
நாற்பது மைல் ஓட்டினாள்.
புது டாக்டர் பெல்க்கி திட்டவில்லை.
"மலை இறக்கத்துல லாரியை எப்படிக் கொண்டுவருவீங்க?"
"கியரைக் குறைச்சு."
"ஓடுற வண்டியிலிருந்து குதிச்சிருக்கீங்களே."

மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு.
கத்தி வேண்டாம், கடையே சின்ன அளவாகத் தரும்.
முடியாத மாதம் நிற்கலாம், நின்றால் குற்றமில்லை.
"ஒண்ணு மட்டும். பழைய அளவுக்குத் தாவாதீங்க.
உடம்பு அதை மறந்திருக்கும். மூச்சு நின்னுடும்."
மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றை லினெட் கையில் கொடுத்து
எப்படி அடிப்பது என்று இரண்டு தரம் செய்து காட்டினார்.
அது ஃப்ரிட்ஜின் மேல், பில்களுக்குப் பக்கத்தில்
இன்றும் பிரிக்காமல் இருக்கிறது.

என் மொழியில் மாத்திரை
விழுங்குவதற்கு மட்டும் இல்லை.
ஒரு கண் இமைக்கும் நேரம். ஒரு விரல் நொடிக்கும் நேரம்.
நெடிலுக்கு இரண்டு. குறிலுக்கு ஒன்று.
மெய்க்கு அரை.
மெய் என்றால் உடம்பு,
உண்மைக்கும் அதே சொல்தான்.
ரொசேருக்கு இந்த இலக்கணம் தெரியாது.
அவன் பாட்டுக்கு நெடிலிலிருந்து
குறிலுக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் இறங்கவில்லை. பிப்ரவரியிலும்.
குளிர் சுழியத்துக்கு முப்பது கீழே,
அவன் போன மாதத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தான்,
போர்வையோடு, சீட்டுக்கட்டோடு.
ஏப்ரலில் இன்னொரு முறை நின்றான்.

ஜூனில், வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவன்
அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.
தம்பி நோர்மன்ட் போய் நாலு வருஷம்.
ஆற்றுப் பனி உடைந்து, ஸ்னோமொபைலோடு.
அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவன் ரொசேர்.
கனம் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை.
கல்லு மாதிரி நின்றான், நல்ல அண்ணன் என்றார்கள்.

இப்போது அழுதான், வாய்விட்டு,
நாய் பயந்து மேசைக்கடியில் போகும் அளவுக்கு.
லினெட் டாக்டருக்குப் போன் போட எழுந்தாள்.
"வேண்டாம்," என்றான்.
"இது மருந்து கேக்குற வலி இல்ல.
இது நோர்மன்ட்."
வெங்காயம் கருகாமல் பாதியில் நின்றிருந்தது.
ராத்திரி அதையே சூடாக்கித் தின்றார்கள்.

அறுவடை மறுபடி வந்துவிட்டது.
இன்னும் கால் மாத்திரை பாக்கி.
முதுகு வலிக்கிறது,
மழைக்கு முதல் நாள் கொஞ்சம் கூடுதலாக.
வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிறான்.
இடது. கொஞ்சம் மூச்சு. வலது.
லினெட் ஹாரன் அடிக்கிறாள்.
இரு, வரேன், என்று கத்துகிறான்,
வரேஏஏன் என்று.